கால்களின் ஒப்பந்தம்

ராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் பெனிட்டா அன்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்திட்டாள். அந்த நாட்டோடு பகையாகிவிட்டதால் மேலிடத்து உத்தரவு. காலிழந்த சிப்பாய்களுக்கு அவர்கள் கொடுத்த இயந்திரக் கால்கள் என்னவாகும் என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில நின்னுடும் மேடம். அங்கிருந்துதானே நெட் வழியா இயக்குறாங்க," என்றார் கம்பெனி ஏஜென்ட். "வேற எங்கயாவது வாங்க டெண்டர் விடுங்க."

"அது முடிய வருஷக்கணக்காகும் சார்."

அவர் ரத்துக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அலுத்துப்போய் ஆவடி வீட்டுக்கு வந்தாள். சிப்பாயாக இருந்து காலிழந்த தம்பி ரூபன் அந்த இயந்திரக் கால்களில் நின்றபடி அவளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருடா, நான் ஊத்திக்கிறேன்."

"செய்தியில பார்த்துட்டேன்க்கா," என்றான் அவன், தோசையைத் திருப்பிக்கொண்டே. "இன்னிக்கு நான் உட்காரவே போறதில்ல."