துறைமுகம் வரைக்கும்

"பஸ் போயிட்டுது தம்பி. துறைமுகக் கந்தோரடியில என்னைக் கொண்டுபோய் விடுவீங்களோ?"

வாசலில் நின்றவர் பாலையூற்று இராசையா. ஜெமீலால் மறுக்க முடியவில்லை. மாதக்கணக்காகச் சாக்கால் மூடிக் கிடந்த மோட்டார் சைக்கிள், பத்தாவது உதைக்குத்தான் உயிர்பெற்றது.

வழியில் சைக்கிள்காரர்கள்கூட அவர்களை முந்திப் போனார்கள்.

"கொஞ்சம் வேகமா ஓடுங்கோ. எனக்குப் பயமில்லை."

"எனக்குத்தான் பயமாயிருக்கு, ஐயா."

இராசையா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுக அலுவலக வாசலில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார்.

"கந்தோரில அலுவல் இல்லையோ, ஐயா?"

"ஒரு அலுவலும் இல்லை, தம்பி. என்ர மகன் உங்களுக்குப் பின்னால இருந்து விழுந்து செத்த நாளிலயிருந்து நீங்கள் இதைத் தொடுறதில்லையாம். மாடு குறுக்க வந்ததுக்கு நீங்கள் என்ன செய்யிறது? வாயால சொன்னால் நம்பமாட்டீங்கள். அதுதான் நானே ஏறி வந்தனான்."

ஜெமீல் கைப்பிடியில் முகம் கவிழ்த்து அழுதான். அவன் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, இராசையா மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கட வீட்டை போவம் தம்பி. அவன்ர தாய் இண்டைக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைச்சிருக்கிறா."