நீட்டிய கை

ஒரு காலத்தில் மலேசியாவுக்காகக் கைப்பந்து ஆடிய பிரேமாவதி, இப்போது ஜித்ராவில் பெண்பிள்ளைகளுக்குக் கோச். அணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முதல் நாள், ஷீலாவின் அப்பா யோகேந்திரன் மைதானத்துக்குத் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“கோச், ஷீலா விஷயமா...”

“சிபாரிசுன்னா அப்படியே திரும்பிப் போயிருங்கண்ணே. என்கிட்ட அதெல்லாம் நடக்காது லா!”

“ஐயோ, அதில்ல கோச். புள்ளைய டீம்ல சேர்க்காதீங்க.”

“நல்லா ஆடுற புள்ளையாச்சே! ஏன், ஆட்டம் புடிக்கலையாமா?”

“ஆட்டம்னா அவளுக்கு உசுரு கோச். உங்கள நெனச்சாதான் பயம். அதைச் சொல்லக்கூட பயந்துக்கிட்டு காடியிலயே உட்கார்ந்திருக்கா.”

பிரேமாவதிக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று போய்க் கார்க் கதவைத் திறந்தாள்.

“என்னம்மா, நான் என்ன பேயா?” என்று சிரித்தபடி, அவள் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

ஷீலா சட்டென்று இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டாள்.

“இனிமே செர்விஸ் மிஸ் பண்ண மாட்டேன் கோச்!”

பின்னால் வந்து நின்ற யோகேந்திரனைத் திரும்பிப் பார்க்கப் பிரேமாவதிக்கு முகமில்லை.