ஐந்தாவது ஏன்

மடுல்சீமைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்த மூன்றே வாரத்தில் தயாபரன் நாற்பத்தேழு சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைமையகம் அனுப்புவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஆனால் விசாரணை என்று ஒன்று கையில் கிடைப்பது இதுதான் முதல் தடவை. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முந்தாநாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்தவர்களில் பதினொரு பேரைக் குளவி கொட்டிவிட்டது. எல்லாரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், வீங்கிய முகத்தோடு திரும்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்த மலைப்பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை. தோட்டத்தில் இது புதிதா என்று எல்லாரும் விட்டுவிட, தயாபரன் மட்டும் இது சதி என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத் துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சபதம் போட்டார்.

"விசாரணைப் படிவத்துல அஞ்சு 'ஏன்' இருக்கு. அஞ்சாவது கட்டத்துல யாரோட பேர் வருதோ, யாரா இருந்தாலும் இன்னையோட இங்க வேலை இல்ல."

துரையும் சரி என்று தலையாட்டினார்.

தொழிற்சாலை ஓய்வறையில் துரை முன்னால் விசாரணை தொடங்கியது. முதல் இரண்டு கட்டமும் சுலபமாக நிரம்பின. ஏன் கொட்டின? கூடு கலைந்ததால். ஏன் கலைந்தது? மரம் அதிர்ந்ததால்.

மரம் ஏன் அதிர்ந்தது என்பதற்குக் கொட்டு வாங்கிய பதினொரு பேரில் ஒருத்தியான சிவசக்தி சாட்சி சொன்னாள். அவளுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அழகையா மாமா தூரத்துல நின்னு மொதல்ல எங்கள ஓடச் சொன்னாருங்க. வெளையாடுறாருன்னு சிரிச்சோம். பொறகு மரத்துல நாலு தரம் டொக்கு டொக்குன்னு சுத்தியலால அடிச்சாருங்க."

தயாபரனுக்கு உச்சி குளிர்ந்தது. எதிரே நின்ற, தோட்டத்துச் சில்லறை வேலைகள் பார்க்கும் அழகையாவின் உடம்பில் ஒரு கொட்டுக்கூட இல்லை. தலையிலிருந்து கால்வரை சாக்கைச் சுற்றிக்கொண்டு அல்லவா போயிருக்கிறார்! போன வாரம் காலில் சப்பாத்துப் போடவில்லை என்று தயாபரனிடம் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியவரும் இவர்தான். அதிகாரிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

அழகையா சட்டைப்பைக்குள் கையை விட்டார். "ஐயா, ஒன்னு காட்டணுங்க."

"கையை எடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். எல்லாம் வரிசைப்படிதான்."

பாவம், கையை எடுத்துக்கொண்டார். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

"நாலாவது. ஏன் சாக்கைச் சுத்திக்கிட்டுப் போனீங்க?"

"அங்க குளவி இருக்கிறது தெரியுங்க."

தெரிந்தே செய்திருக்கிறார். தயாபரன் துரையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அதை அப்படியே எழுதினார்.

"அஞ்சாவது. தெரிஞ்சும் ஏன் அடிச்சீங்க?"

"இப்ப எடுக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு, அழகையா நாலாக மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். கூட்டாளி எழுதிய கடிதமாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தயாபரன் உரக்கவே வாசித்தார்.

'குளவிக் கூடுள்ள மரங்களில் "இங்கே சத்தம் செய்யாதீர்" என்ற எச்சரிக்கைப் பலகையை, நான்கு ஆணி வைத்து, இன்றே அறையவும். இப்படிக்கு, தயாபரன், பாதுகாப்பு அதிகாரி.'