பிந்தி வருவதற்கான காரணம்

அமெரிக்காவிலிருந்து அழைப்பு வரக் கால் மணி நேரம் இருக்கும்போதே இவர் வந்து மகள் மிதுசாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அயோவாக் கல்லூரி அனுப்பிய மஞ்சள் ரீசேட்டையும் போட்டிருந்தார். ‘ஓட்டக்காரியின் அப்பா’ என்று முதுகில் எழுதியே அனுப்பியிருந்தார்கள். அது தோளிலிருந்து வழிந்தது.

“அமெரிக்கன்ர அளவு, சிவமலர். எல்லாரையும் தங்களைப்போல நினைச்சிட்டாங்கள்” என்று சிரித்தார்.

மிதுசா எண்ணூறு மீற்றர் ஓடுகிறவள். இங்கே ஜெர்மனியில், எசனில் பிறந்த பிள்ளையை முழுச் செலவும் தந்து கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா? இவர் சொல்லாத ஆள் இல்லை. கோயில் ஐயர், மரக்கறிக் கடை, பல் வைத்தியர்கூட.

ஒரு நிபந்தனைதான். ஆகஸ்ட் முதலாம் திகதி அங்கே மைதானத்தில் நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. அந்த மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் போட்டிக் கூட்டமைப்பின் விதி அது. ஆறு வருடம் மழையிலும் பனியிலும் ஓடியது ஒரு நாளில் போய்விடும்.

தை மாதம் வரலாமா என்று மிதுசா கேட்கப் போகிறாள். விசா பிந்துகிறது என்பதுதான் வீட்டில் பேச்சு.

“விசாவுக்கு டெர்மின் கிடைக்கேல்லை, நாள் தருகினமில்லை எண்டு வடிவா விளங்கப்படுத்து, பிள்ளை. பயப்பிடாமல் கதை. அவையளும் மனுசர்தானே.”

“ஓம் அப்பா. நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

பயிற்சியாளர் திரையில் வந்தார். நரைத்த தலை, நல்ல முகமுள்ள மனுசி. எங்களுக்கு மாலை ஐந்து மணி, அவருக்குப் பின்னால் காலை வெயில்.

கமரா மிதுசாவை மட்டும்தான் பிடித்தது. இவர் அதற்கு வெளியே.

பேச்சு ஆங்கிலத்தில். இவர் எட்டாம் வகுப்போடு கடை வேலைக்குப் போனவர், ஆங்கிலம் தெரியாது. எனக்கு மெதுவாகப் பேசினால் விளங்கும்.

மிதுசா விசாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு கஷ்டம், தை வரைக்கும் நேரம் வேண்டும் என்றாள்.

பயிற்சியாளர் தலையை ஆட்டினார். கஷ்டம் என்று எழுதினால் கூட்டமைப்பு ஏற்காதாம். பிந்தி வர இரண்டே காரணங்கள்தானாம். ஓடுகிறவருக்குக் காயம். அல்லது தாய் தகப்பனின் மரணம்.

மிதுசா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, என் அப்பா இறந்துவிட்டார் என்றாள்.

நான் மடிக்கணினியை மூடப் போனேன். மூடினால் இவர் ஏன் என்று கேட்பார்.

இவர் பக்கத்திலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். விசாக் கதை நன்றாகப் போகிறது என்று நினைத்திருப்பார். ‘பார், என்ன மாதிரிக் கதைக்கிறாள்’ என்பதுபோல எனக்குக் கண்ணைக் காட்டினார்.

பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இடம் உன்னுடையதுதான், தை மாதமே வா, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். கூட்டமைப்புக்கு ஒரேயொரு தாள் மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

டெத் சேர்ட்டிபிக்கற்.

எங்கள் ஊரில் அதை ஆங்கிலம் என்று யாரும் நினைப்பதில்லை. கச்சேரியில், ஓய்வூதியக் கந்தோரில், போரில் ஆளைத் தொலைத்த ஒவ்வொரு வீட்டிலும் தமிழ்ச் சொல்லாகவே புழங்கியது.

இவருடைய தலையாட்டல் நின்றது.

மிதுசா திரும்பவில்லை. திரையில் அந்த மனுசி பதிலுக்காகக் காத்திருந்தார்.

இவர் ஒரு தடவை தொண்டையைச் செருமப் போய், கமராவுக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டார். பிறகு மகளின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“எத்தினையாம் திகதிக்குள்ள வேணுமாம் எண்டு கேள், பிள்ளை.”

போன மாதம் வைத்தியர் ஜெர்மன் மொழியில் கால் மணி நேரம் சொன்னதை, இவருக்குத் தமிழில் சொன்னவள் மிதுசாதான். வைத்தியர் சொன்ன மாதக் கணக்கை மறைத்து, குடலில் சின்னப் புண், குளிசையோடு மாறிவிடும் என்றாள். நானும் பக்கத்தில் நின்று ஓம் என்றேன்.

இவரும் அன்றைக்கு ஓம் என்றுதான் சொன்னார்.