அக்குளில் அரை அங்குலம்

மதிய வெயில் கடைக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழ, தம்பி புதுச் சீருடையில் விறைப்பாக நிற்கிறான். எல்லைக் காவல் படகில் நாளைக்கு அவனுக்கு முதல் நாள் வேலை. மிடுக்காகத் தெரிய வேண்டும், நல்லா இறுக்கிப் பிடி என்று சொன்னது அவன்தான். தையல்காரி அக்கா உதட்டிடுக்கில் ஐந்து குண்டூசிகளோடு அவனைச் சுற்றி வருகிறாள். அவள் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்துத்தான் அவன் எப்போதும் நியாயம் பேசுவான். "அடைக்கலம்னு கதவைத் திறந்து போட்டா, ஓட்டைப் படகுல ஆளை ஏத்துறவனுக்குத்தான்க்கா கொண்டாட்டம். திருப்பி அனுப்பினாத்தான் அடுத்தவன் கிளம்ப மாட்டான்." ஓர் ஊசி தோள்பட்டைத் துணியில் இறங்குகிறது. "உயிருக்குப் பயந்து வர்றாங்கன்னு சொல்லுவே. எத்தனை பேருக்குத்தான் இங்க இடம் இருக்கு?" இன்னொன்று கைமடிப்பில். பேசட்டும், ஊசி தீர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. பதில் வராததால் அவன் முகத்தில் ஜெயித்த களை. கடைசி ஊசியையும் குத்திவிட்டு அவள் நிமிர்கிறாள். "முடிச்சாச்சா? இப்பக் குனி. கையைக் கீழே நீட்டு. தண்ணிக்குள்ள ஒருத்தன் கிடக்கான்னு வச்சுக்கோ." அவன் யோசிக்கவே இல்லை. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தி, விரல்களை அகல விரித்து, தரையை எட்டுகிறான். அக்குளில் தையல் பட்டென்று தெறிக்கிறது. "அரை அங்குலம் விட்டுத் தைக்கிறேன்," என்று சாக்பீஸால் கோடு இழுக்கிறாள் அவள். "யாரைத் திருப்பணும்னு அப்புறம் பேசிக்கலாம்." அவன் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.