ஒரு எட்டு உள்ளே

"ரொட்டி மேல கை வச்சுச் சொல்லு. வீடு கட்ட வச்சிருந்த பணத்தை அங்க விட்டியா, விடலையா?"

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஹோட்டல் கூடத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல், புருல்கான் மூட்டையைப் பிரித்து ஒரு ரொட்டியை எடுத்து மகன் முன்னால் நீட்டினாள். விடியற்காலையில் நரின் மலையில் வேன் ஏறியவள். ஐந்து மணி நேரமும் வழியெல்லாம் அழுகைதான்.

கூடத்தின் கோடியில் பளபளத்த கதவுதான் காசினோ. முந்தாநாள் மிர்லான் அதற்குள் நுழைந்ததைப் ஊரில் பக்கத்து வீட்டு குல்சாத்தின் மகள், இங்கே படிக்கிறவள், கண்ணால் பார்த்திருக்கிறாள். குல்சாத்துக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

எல்லை தாண்டி கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஒன்பது வருஷம் கட்டட வேலை பார்த்த பிள்ளை. போன மாதம்தான் போனில் சொன்னான், இனிமேல் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று. அந்த ஒரு வார்த்தைக்கே அவள் ஆடு வெட்டி ஊரைக் கூட்டிச் சோறு போட்டுவிட்டாள். அவன் அப்பாவின் நிலத்தை அவன் பெயருக்கு மாற்றப் பத்திரத்தையும் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். இவனானால் வீட்டுக்கு வராமல், ஏதோ வேலை இருக்கிறது என்று மூன்று நாளாக இந்த ஹோட்டலில் கிடக்கிறான். கையில் இருந்ததைச் சூதாட்டத்தில் தொலைத்திருந்தால் என்ன ஆகும்? திரும்பவும் பெட்டியைத் தூக்குவான். இன்னொரு ஒன்பது வருஷத்தை அவளால் தாங்க முடியாது.

மிர்லான் ரொட்டியின் மேல் கை வைத்தான்.

"சத்தியமா விடலைம்மா. அல்மாட்டியில கூட வேலை பாத்தவங்க ஊர் சுத்த வந்திருந்தாங்க. வா வான்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. ஐநூறு சோம் போச்சு, அவ்வளவுதான். சாப்பாடு சும்மா போட்டாங்க. தின்னுட்டு வந்துட்டேன்."

ரொட்டியைத் தொட்டுவிட்டு எந்தக் கிர்கிஸ்காரனும் பொய் சொல்லமாட்டான். புருல்கானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐநூறுக்கு மேலயே தின்னிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் வாய் ஓயவில்லை. பத்திர ஆபீஸ் மதியம் இரண்டு மணிக்குத் திறக்கும், இந்த நாட்டு ஆள் என்று அடையாள அட்டையைக் காட்டினால் போதும், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமே என்று அவன் இழுத்ததை அவள் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும், கொட்டகையில் எத்தனை குதிரை கட்டலாம், எந்தப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

"இரு, நானும் ஒரு எட்டு உள்ள பாத்துட்டு வரேன். அந்தக் குல்சாத்து வாயை அடைக்கணும்ல?"

வேண்டாம், நேரமாகிவிட்டது, முதலில் போய்ச் சாப்பிடலாம் என்று மிர்லான் பதறினான். உனக்கு எப்பப் பார்த்தாலும் சாப்பாட்டு நினைப்புதான் என்று அவன் கையை உதறிவிட்டு அவள் நடந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் பின்னாலேயே ஓடினான்.

கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் மரியாதையாக எழுந்து நின்று பாஸ்போர்ட் கேட்டாள். புருல்கான் தன் அடையாள அட்டையை நீட்டினாள். அதைப் பார்த்த கையோடு அந்தப் பெண் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நம்ம நாட்டு ஆளுங்களை உள்ள விடக் கூடாதுன்னு சட்டம். வெளிநாட்டுக்காரங்க மட்டும்தான் வரலாம்."

"நல்லாக் கதை விடுற. முந்தாநாள் என் பையனை மட்டும் விட்டியே. அவன் என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சானா? நரின்ல நான் பெத்த பிள்ளை."

அந்தப் பெண் மிர்லானைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள்.

"இவர் கஜகஸ்தான் பாஸ்போர்ட் இல்லையா காட்டினாரு? நீங்க வாங்க சார், நீங்க எங்க விருந்தாளி" என்று சொல்லி, அவனுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டாள்.