ஒரு பொட்டு வெல்டிங்

"ஒரு பொட்டு வைக்க முந்நூறா?" என்று பெஞ்சில் சாய்ந்திருக்கும் கணவன் முனகுகிறான். "பொட்டோ, பெரிய கேட்டோ, மெஷினைக் கிளப்பணுமே சார்! அதுதான் குறைஞ்ச கூலி," என்கிறார் வெல்டர். அவனுடைய சக்கர நாற்காலியின் முறிந்த கால்தட்டை ஏந்தியபடி மனைவி நிற்கிறாள். முறிவைச் சுற்றியிருந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தே எடுத்து வந்திருக்கிறாள். தகரக் கூரையின் ஓட்டையில் இறங்கும் காலை வெயிலில் இரும்பு பளபளக்கிறது. "அட, என் வேலையில பாதியை முடிச்சிட்டீங்க! அம்பது குறைச்சுக்கறேன். நாளைக்கு வாங்கிக்குங்க." "அப்ப நானும் நாளைக்கே வேலைக்குப் போறேன்," என்கிறான் கணவன், சாக்கு கிடைத்த நிம்மதியில். விபத்துக்குப் பிறகு இன்றுதான் அவன் ஆபீஸ் போகச் சம்மதித்திருக்கிறான். "ஒரு பைசா குறைக்க வேண்டாண்ணே. இப்பவே வச்சுக் குடுங்க," என்று அவள் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்கிறாள். நீலப் பொறி சீறி அடங்குகிறது. ஆறிய தட்டை மாட்டியதும், வெல்டர் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொள்ள, அவள் கால்தட்டின்மேல் ஏறியே நின்றுவிடுகிறாள். "என் வெல்டிங் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" "இருக்குண்ணே. என் எடை மேலயும் இருக்கு." பெஞ்சிலிருந்து சிரிப்பு வெடிக்கிறது. "போதும், இறங்குடி," என்கிறான் கணவன், கையை அவள் பக்கம் நீட்டி. "ஆபீஸுக்கு நேரமாச்சு."